அரைத் தட்டுத் தாமதம்

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது; மற்றபடி ஊருக்கெல்லாம் அவன் இழுவை. பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஒரு ஹெவி மெட்டல் குழுவின் டிரம்ஸ்காரன். வேலை படு சுத்தம். அவன் பார்த்துவிட்டுப் போன லிஃப்ட் தரையோடு தரையாக நிற்கும். வாசலில் ஒரு தீக்குச்சி கனம் மேடு தட்டினாலும் மறுபடி மேலே ஏறிப் போய் பிரேக்கைத் திருகிவிட்டுத்தான் மறுவேலை. அப்படிப்பட்டவனுக்கு இழுவை என்று பெயர் வைத்தவன் எவன்? வேறு யார், தொண்டைதான்.

தொண்டை குழுவின் பாடகன். ஆறடி உயரம், பார்சல் அலுவலகத்தில் கவுண்டர் வேலை. பெட்டியின் எடையைச் சொல்கிற குரலே தெருமுனை வரைக்கும் கேட்கும், மேடையில் கேட்கவா வேண்டும். கிட்டார்காரன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் அவன் பெயர் கண்ணாடி. பேஸ் கிட்டார் ஒரு வேதியியல் ஆசிரியர் கையில் இருந்தது. அவரை வாத்தியார் என்பார்கள். இந்த நால்வரும் ஒரு மெத்தைக் கிடங்கின் அடித்தளத்தில், சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாத்திவைத்துப் பத்தொன்பது வருஷம் காட்டுக் கத்தல் கத்தினார்கள். புகழ் என்று பெரிதாக ஒன்றும் வந்துவிடவில்லை. ஒரு முந்நூறு பேருக்கு அவர்களைத் தெரியும், அதிலும் பாதிப்பேர் சொந்தக்காரர்கள்.

தொண்டையிடம் குரல் இருந்தது, சும்மா சொல்லக்கூடாது. தாளம்தான் இல்லை. ஒவ்வொரு சரணத்துக்கும் முன்னால் இடது தோளைத் தூக்கி மூச்சை இழுப்பான். இழுத்த மூச்சு வார்த்தையாக வெளியே வருவதற்குள் தாளத்தில் அரைத் தட்டு தாண்டிப் போயிருக்கும். முதல் நிகழ்ச்சியிலேயே பாட்டு சந்தி சிரித்திருக்க வேண்டியது. கண்ணாடியும் வாத்தியாரும் பக்கவாட்டில் நின்று தங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடகனின் முதுகு டிரம்ஸ்காரனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் அந்தத் தோளைப் பார்த்தான். அது இறங்கும் வரை கையை அந்தரத்தில் நிறுத்தினான், இறங்கியதும் அடித்தான். கிட்டாரும் பேஸும் டிரம்ஸைப் பிடித்துக்கொண்டு போகிறவை, அவையும் கூடவே நின்று கூடவே விழுந்தன. கூட்டம் கைதட்டியது. அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது.

இதில் கொடுமை என்னவென்றால், தான் வாய் திறக்கும் அதே நொடியில் டிரம்ஸ் விழுவதைக் கேட்டுக் கேட்டு, தன்னைப் போலத் தாளம் தெரிந்தவன் உலகத்திலேயே கிடையாது என்று தொண்டை முடிவு கட்டிவிட்டான். ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டால் சரணத்துக்கு முன்னால் டிரம்ஸ் தயங்குவது அப்பட்டமாகத் தெரியும். "பாரு, மறுபடி இழுத்துட்டான்! டேய் இழுவை, உனக்காக நான் நின்னு நின்னு பாட வேண்டியிருக்குடா" என்று எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்குவான். கண்ணாடி விழுந்து விழுந்து சிரிப்பான். இவனும் சிரிப்பான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? முதல் வருஷம் கூச்சம். அப்புறம், சொன்னால் அவன் பாடுவதையே விட்டுவிடுவானோ என்று பயம். அதற்கப்புறம் சொல்வதற்கு நாள் கடந்துவிட்டது. மனைவியிடம் மட்டும் ஒரே ஒரு தடவை சொன்னான்.

தொண்டை நாற்பத்தைந்து வயதில் போய்ச் சேர்ந்தான். கவுண்டரில் ஒரு பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்தவன் அதன்மேலேயே சாய்ந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நான்கு மாதம் கழித்து மிச்சமிருந்த மூவரும் கிடங்கில் கூடினார்கள். வானொலியில் அந்தக் காலத்தில் ஓயாமல் ஒலித்த ஒரு காதல் பாட்டு உண்டு, குழைந்து குழைந்து பாடுகிற ரகம். அதை இடிமுழக்கமாக மாற்றிப் பாட வேண்டும் என்பது தொண்டையின் நெடுநாள் ஆசை. இவர்கள் ஒவ்வொரு தடவையும் கேலி செய்தே தட்டிக் கழித்தார்கள். இப்போது அது நெஞ்சில் குத்தியது. அந்தப் பாட்டை மட்டும் பதிவுசெய்து, அவன் நினைவாகத் தனிப்பாட்டாக வெளியிடுவது என்று முடிவாயிற்று. நன்றாக வந்தால் குழு தொடரும், சொதப்பினால் கடையை மூட வேண்டியதுதான்.

பாடுவதற்கு வாத்தியார் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு சொல்கிறவர். பேசினால் வெண்ணெய், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்கிற அதே பதவிசு. மைக்கைக் கையில் கொடுத்ததும் அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல் உறுமினார் பாருங்கள், கண்ணாடி இரண்டடி பின்னால் போய்விட்டான். அதைவிட முக்கியம், அந்த அம்மாள் கடிகாரம். எந்த இடத்தில் தொடங்க வேண்டுமோ அங்கே டாணென்று தொடங்கினார்.

இழுவை அங்கேதான் மாட்டிக்கொண்டான்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் டிரம்ஸுக்குத் தனி அறை. பார்க்க முதுகும் இல்லை, தோளும் இல்லை. ஆனாலும் சரணம் நெருங்கியதும் அவன் கை தானாக அந்தரத்தில் நின்றது. அந்த அம்மாள் தொடங்கிவிட்டார், இவன் அரைத் தட்டு கழித்து விழுந்தான். மறுபடி எடுத்தார்கள், மறுபடி அதேதான். காதுக்குள் டிக் டிக் என்று எண்ணிக் காட்டும் கருவியை மாட்டிவிட்டார்கள். அது ஒரு பக்கம் எண்ணிக்கொண்டிருந்தது, இவன் ஒரு பக்கம் நின்றுகொண்டிருந்தான். ஒலிப்பதிவு செய்த பெண் திரையில் கோடுகளைக் காட்டினாள்.

"குரல் தொடங்குற பதினோரு இடம் சார். பதினோரு இடத்துலயும் ஒரே அளவு லேட். மயிரிழை கூட மாறல. அசட்டையா வாசிக்கிறவங்க இப்படி வாசிக்க மாட்டாங்க." அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருக்காக நிக்கிறீங்க?"

"யாருக்கும் இல்லம்மா. கை அப்படி" என்றான்.

கண்ணாடி பொறுமையிழந்துவிட்டான். "செத்தவன் ஆசைப்பட்ட ஒரே பாட்டுடா இது! இதுலயுமா இழுப்ப? அவன் உயிரோட இருக்கும்போதுதான் அவன் பிராணனை வாங்கின." வாத்தியார் குறுக்கே புகுந்து சமாதானம் பேசினார். கடைசியில் அடுத்த ஞாயிறு விட்டு அதற்கடுத்த ஞாயிறு இன்னொரு தடவை எடுப்பது என்றும், அப்போதும் இழுத்தால் டிரம்ஸை மெஷினை வைத்து ஓட்டிவிடுவது என்றும் ஆயிற்று. பாட்டு வெளியாகும், குழுவும் தொடரும், இவன் மட்டும் இருக்க மாட்டான். அது எல்லோருக்கும் புரிந்தது.

இழுவையின் மனைவி இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எதையும் சுற்றி வளைத்துப் பேசிப் பழக்கமில்லை. "உண்மையச் சொல்லிட்டுப் போங்களேன். தப்பு அவர் மேலன்னு ஒரு வார்த்தை. இதுல என்ன வெட்கம்?"

"செத்துப்போனவன் மேல பழி போடச் சொல்றியா?"

"பழியா? நடந்ததுதானே? செத்தவருக்கு இருக்கிற மானம் உயிரோட இருக்கிற உங்களுக்கு இல்லையா?"

சொல்லப் போனால் அவன் கையில் சாட்சியே இருந்தது. முதல் நிகழ்ச்சிக்கு முன்னால், அதாவது அவன் நின்று அடிக்கப் பழகுவதற்கு முன்னால், கிடங்கில் பதிவுசெய்த ஒரு பழைய கேசட். அதில் டிரம்ஸ் பிசகாமல் கல் மாதிரி இருக்கும், தொண்டை அரைத் தட்டு பிந்தி வந்து தடுக்கி விழுவான். இரண்டு நிமிஷம் கேட்டால் போதும், பத்தொன்பது வருஷக் கதை வெட்டவெளிச்சமாகிவிடும். புதன்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கண்ணாடியின் கடைக்குப் போனான்.

கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. சுவர் முழுக்க வெறும் பிரேம்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. கண்ணாடி ஒரு வில்லையைத் துடைத்துக்கொண்டே நிமிராமல் பேசினான்.

"ஞாயித்துக்கிழமை கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன்டா, மனசுல வச்சுக்காத. அவன் போனதுலருந்து எனக்கு எதுவும் ஓடல. போன்ல அவன் பேசி அனுப்பின செய்தி ஒண்ணு இருக்கு. 'டேய் சீக்கிரம் வாடா, சோத்துக்கு நேரமாச்சு', அவ்வளவுதான். தினமும் கேக்கறேன்." துடைத்த வில்லையையே மறுபடி துடைத்தான். "உண்மையச் சொல்லு, நம்ம நாலு பேர்ல சங்கீதம்னு ஒண்ணு இருந்தது அவன்கிட்ட மட்டும்தானே? நாம மூணு பேரும் வெறும் சத்தம். அவன் தாளத்தைப் பிடிச்சுத்தானே இத்தனை வருஷம் ஓட்டினோம்."

இழுவையின் கை சட்டைப் பைக்குள் இருந்தது. கேசட்டின் முனை விரலில் குத்தியது. இப்போது எடுத்து நீட்டினால் கண்ணாடியிடம் மிச்சமிருக்கிற அந்த ஒரு நம்பிக்கையும் போய்விடும் என்று தோன்றியது. கோபமும் வந்தது. தன்மேல் வந்ததா, செத்தவன் மேல் வந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை.

"என்னடா விஷயம்? இந்த நேரத்துல வந்திருக்க?"

"ஒண்ணுமில்ல. கண்ணாடில ஒரு ஸ்க்ரூ லூசா ஆடுது."

அவன் கழற்றி நீட்டிய மூக்குக்கண்ணாடியைக் கண்ணாடி வாங்கிப் பார்த்தான். ஸ்க்ரூ நன்றாகத்தான் இருந்தது. பேருக்கு ஒரு திருகு திருகிக் கொடுத்தான். இவன் மென்று விழுங்கிக்கொண்டு வெளியே வந்து, கேசட்டை வீட்டில் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டான்.

சொல்வதில்லை என்று ஆகிவிட்டபிறகு மிச்சமிருந்தது ஒரே வழி, கையைத் திருத்த வேண்டும். பத்தொன்பது வருஷம் ஒருவனுக்காக நின்று பழகிய கை பத்து நாளில் திருந்துமா? மேசையில் தட்டிப் பார்த்தான், தொடையில் தட்டிப் பார்த்தான். சரணம் வந்தால் கை நின்றது. யாரோ ஒருவன் பாட வரப்போகிறான் என்று அது காத்துக்கிடந்தது. அப்போதுதான் உறைத்தது: பாடுகிறவன் தானே ஆகிவிட்டால் யாருக்காகக் காத்திருப்பது?

அவனுக்குப் பாட வராது. தகரத்தை ஆணியால் கீறுகிற குரல். வீட்டில் பாடினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆகவே பன்னிரண்டு மாடி அலுவலகம் ஒன்றில் மாதாந்தரச் சோதனைக்குப் போனபோது, லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து, கையால் இயக்கும் பொத்தானை அழுத்தி மெல்ல மெல்ல மேலே போய்க்கொண்டே, பெட்டியின் இரும்பைத் தட்டித் தொண்டை கிழியப் பாடினான். கிணறு மாதிரி இருந்த அந்தச் சுவர்களுக்கு நடுவே சத்தம் மூன்று மடங்காயிற்று. ஏழாவது மாடிக்காரர்கள், யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டு அலறுகிறார்கள் என்று நினைத்துக் காவலாளியைக் கூப்பிட்டார்கள். அவர் மூச்சு வாங்க ஓடிவந்து கதவைத் தட்டினார்.

"உள்ள யாருங்க? அடிபட்டிருக்கா? பயப்படாதீங்க!"

"நான்தாங்க, மெக்கானிக்! சும்மா பாடறேன்!"

வெளியே தட்டல் நின்றது. பிறகு காவலாளி, "பாட்டா அது?" என்று கேட்டார்.

அவமானமாகத்தான் இருந்தது, ஆனாலும் விடவில்லை. அடுத்தடுத்த கட்டடங்களிலும் அதே வேலை. எட்டாம் நாள், ஒரு மருத்துவமனை லிஃப்டின் கூரையில், சரணத்தின் முதல் சொல்லும் அவன் அடியும் ஒன்றாக விழுந்தன. நிற்க வேண்டும் என்ற நினைப்பே கைக்கு வரவில்லை. மறுபடி செய்து பார்த்தான், மறுபடியும் வந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என்னவோ காலி செய்த வீட்டைப் பூட்டிவிட்டு வந்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவையில் எடுத்து முடித்தார்கள். பதினோரு இடத்திலும் திரைக்கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து நின்றன. கண்ணாடி டிரம்ஸ் அறைக்குள் பாய்ந்துவந்து அவன் தலையைப் பிடித்து உலுக்கினான். "பாத்தியாடா! மனசு வச்சா முடியுதுல்ல? அவன் தலைதலையா அடிச்சுக்கிட்டான், அப்பெல்லாம் உனக்கு உறைக்கல. அவன் சொன்னது சரிதான்னு இப்பவாவது ஒத்துக்க."

இதை அவன் எதிர்பார்த்திருக்கவில்லை. சரியாக வாசித்துவிட்டால் கெட்ட பெயர் போய்விடும் என்றல்லவா நினைத்திருந்தான்? சரியாக வாசித்ததாலேயே அது அழியாமல் பதிந்துவிட்டது. குழுவில் அவன் இடம் அவனுக்குக் கிடைத்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினான். பாட்டின் அட்டையில் போட வாத்தியார் ஒரு வரி எழுதியிருந்தார்: தாளம் தப்பாத எங்கள் பாடகனுக்கு.

வெளியாவதற்கு முந்தின நாள் சாயங்காலம், தொண்டையின் மனைவிக்குப் பாட்டைப் போட்டுக் காட்ட இழுவையும் அவன் மனைவியும் போனார்கள். மூன்றாவது மாடியில் சின்ன வீடு. சாப்பாட்டு மேசையில் தொண்டையின் பன்னிரண்டு வயது மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பாட்டு ஓடி முடியும் வரை தொண்டையின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தப்பா நினைக்காதீங்கண்ணா" என்றாள் பிறகு. "அவரு வீட்டுக்கு வந்தா உங்களைத் திட்டாத நாளே கிடையாது. அவன் இழுக்காம வாசிச்சு ஒரு பாட்டாவது கேட்டுடணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. இன்னைக்கு எவ்வளவு நல்லா வாசிச்சிருக்கீங்க. அவரு கேக்காமலே போயிட்டாரே."

அவன் மனைவி அவனையே பார்த்தாள். சொல்லுங்கள் என்று சொல்வதற்கு அதைவிடப் பெரிய வார்த்தை தேவையில்லை. மகள் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினாள். "அப்போ அப்பா சொன்னதுதான் கரெக்டா மாமா?"

"கரெக்ட்தான்டா கண்ணு. உங்கப்பா சொல்லிச் சொல்லித்தான் எனக்கு வந்துச்சு."

அந்தச் சின்ன முகம் பெருமையில் பூரித்துப் போயிற்று. அவள் அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

மூன்று மாடிப் படியையும் மனைவி அவனுக்கு முன்னால் விறுவிறுவென்று இறங்கினாள். தெருவுக்கு வந்ததும் அவன் நின்றுவிட்டான். "பாவி, பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நீ சரியா ஆரம்பிச்சிருக்கக் கூடாதாடா?" என்று செத்துப்போனவனைப் பார்த்து, போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். பிறகு ஓவென்று அழுதான். மனைவி அவன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, அவன் அழுது முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள்.