கோம்பை ரோட்டுக் கிணற்றில் சுருமாக்கல்

சென்ற தை மாதம் ஒரு வியாழக்கிழமை ஜமீலா போன் செய்தாள். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி, இப்போது உத்தமபாளையத்தில் மருமகள்.

"கிணறு வெட்டுனதுல மின்னுற கல்லு வந்திருக்குடி. எங்க மாமா அது சுருமாக்கல்னு சொல்றாக. நாளைக்கு எம் பிள்ளைக்கு நாப்பதாம் நாளு. ஜும்மா முடிஞ்சதும் அரைச்சுக் கண்ணுல இடணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாக. நான் சொன்னா எடுபடாது. நீதான் கல்லு படிச்சவ, வா."

நிலவியல் படித்து இதுவரை ஒருவருக்கும் உருப்படியாக உதவியதில்லை. பையைத் தூக்கிவிட்டேன்.

மறுநாள் விடியுமுன்பே, நாலரைக்கு மதுரையில் ஏறி, தேனியில் 7.10 கம்பம் பஸ். முப்பது கிலோமீட்டர், 32 ரூபாய், ஒரு மணி நேரம். எந்த ஜன்னலில் உட்கார்ந்தாலும் மலை உண்டு, சண்டை வேண்டாம். உத்தமபாளையத்திலிருந்து கோம்பை ரோட்டில் ஐந்து கிலோமீட்டருக்கு ஆட்டோ 150.

"காதர் பாய் கிணத்துக்கா? அங்கன மைக்கல்லு கெடச்சிருக்காம்ல," என்றார் டிரைவர்.

"தண்ணி?"

"அது வரல. கல்லுதான் வந்துச்சு."

தோட்டத்து வீட்டு வாசலிலேயே ஜமீலாவின் மாமனார் காதர் மாமா நின்றார். கிணற்றோரம் குவிந்திருந்தது வரிவரியான உருமாறிய பாறை. நடுவே வெள்ளைக் குவார்ட்ஸ், அதில் ஈயநிற மினுக்கம். சும்மா சொல்லக்கூடாது, மனிதர் யோசித்ததில் நியாயம் இருந்தது. சுருமாவுக்கான அஞ்சனக்கல், அதாவது ஆன்டிமனித் தாது, இப்படித்தான் அமையும். பாறை வெடிப்பில் சுடுநீர் ஏறி, ஆறும்போது குவார்ட்ஸோடு படியும். ஆனால் அது ஊசி ஊசியாக இருக்கும், மெல்லிய சில்லு மெழுகுவத்திச் சுடரிலேயே இளகிவிடும். இது செதில் செதிலாக இருந்தது.

மாமா தானே இடுக்கியில் பிடித்துச் சுடரில் காட்டினார். மூன்று சில்லு. ஒன்றும் இளகவில்லை. விரலெல்லாம் கறுப்பு.

"இது கிராஃபைட் மாமா. பென்சில்ல இருக்கிறது."

"அப்ப கண்ணுக்கு ஆகாதா?"

"அசல் அஞ்சனக்கல்லா இருந்தாலும் ஆகாது மாமா. ஈயமும் பாஷாணமும் கலந்திருக்கும். பச்சப்பிள்ளை கண்ணு."

மாமா கல்லைக் கீழே வைத்தார். "தண்ணிதான் வரல, இதையாச்சும் எம் மண்ணுல இருந்து பேத்திக்குக் குடுக்கலாம்னு பாத்தேம்மா," என்றார். ஜமீலா உள்ளே போய்விட்டாள்.

போகிறவர்களுக்கு: தை, மாசி நல்ல பருவம். கல் பார்க்க ஆசையென்றால் தோட்டக்காரரைக் கேட்டுவிட்டு நுழையுங்கள், கிணற்றில் இறங்காதீர்கள். கடையில் வாங்கும் சுருமாவிலும் ஈயம் இருக்கலாம், குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

ஜும்மா தொழுதுவிட்டு வந்ததும் மாமா அந்தக் கல்லை எடுத்தார். ஜமீலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் நேரே மோட்டார் ரூம் வெள்ளைச் சுவருக்குப் போய், பெரிய எழுத்தில் பேத்தியின் பெயரை 'ஆயிஷா' என்று எழுதினார். பிறகு பிள்ளையைத் தூக்கிவரச் சொல்லிக் காட்டினார். மை இடாத கண்ணை அகல விரித்து அவள் தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.