புதுக்குடியிருப்பில் ஒரு சம்மதம்

போன மாசியில், காலபோக நெல் அறுவடை நேரம், யாழ்ப்பாணத்திலிருந்து புதுக்குடியிருப்புக்குப் போனேன். நான் ஆய்வுகூடத்தில் குடற்புற்றுநோய் உயிர்க்கலங்களைப் பார்க்கும் மாணவி. கலத்தின் மேலுள்ள புரதங்களில் சீனி மூலக்கூறுகள் சங்கிலியாக ஒட்டியிருக்கும். புற்றுநோய்க் கலத்தில் அந்தச் சங்கிலிகள் மாறிவிடும். சில குட்டையாக நின்றுவிடும், சில கண்டபடி கிளைவிடும். அதைப் பார்க்கச் சத்திரசிகிச்சையில் எடுத்த கட்டியில் ஒரு துண்டு வேண்டும், உரியவரின் சம்மதமும் வேண்டும். தொலைபேசியில் கேட்கிற விஷயம் இல்லை அது.

காலை ஆறரை பஸ். பரந்தன் சந்தியில் இறங்கி, ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறினேன். வலப்பக்க யன்னலில் இருக்காதீர்கள், வெயில் முகத்திலேயே அடிக்கும். புதுக்குடியிருப்புச் சந்தையடியிலிருந்து ஓட்டோவில் மூன்று கிலோமீற்றர், நானூறு ரூபா.

நான் பார்க்கப்போன செல்வராசா ஐயா வயற்காரர். சத்திரசிகிச்சை முடிந்து நாலு மாதம், எடுத்த கட்டி ஆஸ்பத்திரியில் இருந்தது. கதிரையில் இருந்தவரின் சேட் மெலிந்த தோளில் நிற்கவில்லை. நான் விளக்கத் தொடங்கியதும் மனைவி புவனேஸ்வரி அம்மா இடைமறித்தார்.

"சீனியாலதான் இது வாறதெண்டு சொல்லிச்சினம். இவருக்குச் சீனியும் நிப்பாட்டி, சோறும் நிப்பாட்டிட்டன். நீங்களும் சீனி எண்டுதானே சொல்லுறியள்."

"இது தேத்தண்ணிக்குப் போடுற சீனி இல்லையம்மா. கலம் தானே செய்து ஒட்டுறது. சாப்பிடாமல் விட்டாலும் செய்யும். கிளினிக்கில ஒருக்காக் கேளுங்கோ."

அங்கேயே கிளினிக்குக்குத் தொலைபேசியில் அழைத்தார். தாதி சொன்னதைக் கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கியது. நீரிழிவு இல்லாத மனிதர், சோற்றைக் கொடுங்கள், மெலிந்தால் மருந்து ஏற்ற முடியாது என்றாராம். அம்மா குசினிக்குள் போய் உலை வைத்தார்.

ஐயா என்னைப் பார்த்தார். "இந்தத் துண்டால எனக்கு ஏதும் சுகம் வருமோ பிள்ளை?"

"இல்லை ஐயா. உங்களுக்கு ஒண்டும் வராது."

வெளியே நெல் வெட்டு மெசின் ஒன்று போனது. அது போய் முடியும்வரை வரம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேராச் சொன்னனீர். எடும்."

புவனேஸ்வரி அம்மா வாசலுக்கு வந்து நின்றார். "அதில இவரின்ரை பேர் போடுவியளோ?"

"பேர் போடமாட்டம் அம்மா. இலக்கம் மட்டும்தான்."

"பேரில்லாமலோ?" என்றார். கடைசிப் போரில் எத்தனையோ சனத்தைப் பேர்கூடப் பதியாமல் புதைத்த ஊர் அது.

ஐயாதான் சொன்னார்: "பேரோட நான் இஞ்ச இருக்கிறன். துண்டுக்கு இலக்கம் போதும்."

சோறு வடிக்கும்வரை இருக்கச் சொன்னார்கள். இருந்தேன். ஐயா இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டார்.

இப்படிப் போகிற மாணவர்களுக்கு: பின்னேரம் பஸ்கள் குறைவு, சந்தையடியில் முதலிலேயே விசாரித்து வையுங்கள். நோயாளிக்குப் பலன் இல்லையென்றால் அவர்கள் கேட்கமுன் நீங்களே சொல்லுங்கள். சொன்னபிறகு கொஞ்சநேரம் வாயைத் திறக்காதீர்கள்.