சந்தன நிறத்தில் ஒரு சொட்டு

அம்மா வேலை பார்த்த கம்பெனி கேன்டீனில் ஆட்களைக் குறைத்தபோது, அவரிடம் எஞ்சியது நூறு பேருக்கு ஒரே பதத்தில் காபி கலக்கத் தெரிந்த கை மட்டுமே. நாங்கள் தாமல் கிராமத்தில் இருந்தோம். விடியும் முன் அம்மா டிகாக்‌ஷன் இறக்குவார். குழாய் வைத்த ஸ்டீல் டிரம்மை மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு நான் காஞ்சிபுரம் வருவேன். நெசவாளர் தெருவில் விற்று முடித்து ஒன்பது மணிக்குக் கல்லூரி. என் புத்தகங்களில் பால் வாசனை அடிப்பதை வகுப்பில் யாரும் சொன்னதில்லை, எனக்குத் தெரியும்.

தெருவின் நடுவே வண்டியை நிறுத்தி ஹாரனை இருமுறை அடிப்பேன். வீடுகளுக்குள் தறிகள் ஒவ்வொன்றாக ஓயும். பட்டின் அருகே காபி வரக்கூடாது என்பது அங்கே எழுதாத விதி. தறிக்குழியிலிருந்து எழுந்து, வாசலுக்கு வந்து குடித்து, கையைத் துடைத்துக்கொண்டுதான் திரும்புவார்கள்.

"கரண்டு போனாகூட நிக்காத தறிமா இது. உன் ஹாரனுக்கு நிக்குது பாரு," என்றார் முதல் வீட்டுக்காரர்.

"காலேஜ் பொண்ணுன்னா சும்மாவாபா," என்றார் அடுத்த வீட்டுக்காரர்.

நான் பேசாமல் கப்புகளை நிரப்புவேன். பேசாதவளிடம் எல்லோரும் கொஞ்சம் அதிகமாகவே பேசினார்கள்.

ஓராண்டில் ஒரு டிரம் இரண்டானது. அம்மா ஒரு பழைய லோடு ஆட்டோவைப் பார்த்துவைத்தார். அதில் அடுப்பையே ஏற்றிவிடலாம். அவரும் உடன் வரலாம். அதற்கு இந்தத் தெரு எங்களுக்கு நிலைக்க வேண்டும்.

கடைசி வீட்டு அக்கா தனியாக நெய்பவர். முழங்கால் வலியால் குழியிலிருந்து எழுந்து வர நேரமாகும்; நான் காத்திருப்பேன். எனக்குத் தேர்வு இருந்த ஒரு காலையில் உள்ளிருந்து குரல் வந்தது.

"முட்டி புடிச்சிக்கினு இருக்குதுமா. உள்ளாரயே கொண்டாந்து குடுத்துட்டுப் போயேன்."

"தறிகிட்ட காப்பி ஆவாதுன்னு நீங்கதானே சொன்னீங்கக்கா?"

"நான்தான் சொன்னேன். என் முட்டி சொல்லலையே."

சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். தறியில் சந்தன நிற முகூர்த்தப் புடவை, முந்தானைப் பகுதி தொடங்கியிருந்தது. குனிந்தபோது தோள்பை சரிந்து முழங்கையில் இடித்தது. பட்டில் விழுந்தது ஒரு சொட்டுதான். அவர் தன் புடவைத் தலைப்பால் ஒற்றினார். கறை விரல் நகத்தின் அளவிலிருந்து ரூபாய் நாணயத்தின் அளவுக்குப் பரவியது.

அவர் என்னைத் திட்டவில்லை. கறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கெளம்பு. யாராண்டயும் சொல்லாத."

"அக்கா, நான் வந்து..."

"ஒன்ன ஏன் உள்ள உட்டேன்னுதான் கேப்பாங்க. தெருவுக்குள்ளயும் அப்புறம் ஒன்ன உடமாட்டாங்க. கெளம்புமா."

கிளம்பினேன். தேர்வையும் எழுதினேன், கேள்விகள் எதுவும் இன்று நினைவில் இல்லை.

பத்து நாள் கழித்து, என் கையிலிருந்து கப்பை வாங்கியபடியே முதல் வீட்டுக்காரர் சொன்னார். "கடைசி வீட்டுப் பொடவைய, நெய்யக் குடுத்த மொதலாளி திருப்பிட்டாராம். ஏதோ கறையாம். எப்டின்னு தெரியலன்னு சொல்லிச்சாம் அது."

"வயசாச்சில்ல, கண்ணு மங்கிப்போச்சி," என்றார் அடுத்தவர். "இனிமே அதுக்கு முகூர்த்தப் பொடவ நெய்யப் பாவு குடுக்கமாட்டாராம். சாதாப் பொடவதான்."

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் கண் மங்கவில்லை, கறை என்னுடையது என்ற இரண்டு வாக்கியங்கள் போதும். வாக்கியங்களைப் பிழையின்றி அமைப்பதில் கல்லூரியில் எனக்கு நல்ல பெயர். நான் அடுத்த கப்பை நிரப்பினேன்.

லோடு ஆட்டோ வந்துவிட்டது. பக்கத்துத் தெருக்களுக்கும் போகிறோம். நான் ஓட்டுகிறேன், அம்மா பின்னால் அடுப்பருகே நிற்கிறார். முதல் நாள் அவர் கேட்டார்.

"கடைசி ஊட்ல தறி ஓடுதே, காப்பி வேணாமாமா அவங்களுக்கு?"

"வேணாமாம்."

புது வண்டியின் ஹாரன் பழையதைவிடச் சத்தமானது. அடித்ததும் தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக நிற்கின்றன. மற்றவை நின்ற பிறகு, கடைசி வீட்டுத் தறி மட்டும் தெளிவாகக் கேட்கிறது.