குமாரபாளையம் தையல் கூடத்தில் எரிந்த சிவப்பு விளக்கு

சேலத்தில் ஒரு கல்லூரியில் மேலாண்மைப் பாடம் எடுக்கிறேன். அந்தக் காலத் தொழிற்சாலைகளில் கடிகாரமும் கையுமாக நின்று, வேலையாட்களின் ஒவ்வொரு அசைவையும் அளந்து உற்பத்தியைக் கூட்டிய கதையை நடத்தினால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். கூடப் படித்த கவிதா குமாரபாளையத்தில் துண்டு தைக்கும் கம்பெனியில் மேலாளர். "இப்ப நாங்களும் அதத்தான் பண்றோம், வந்து பாருடி" என்றாள். மாணவர்களை அழைத்துப் போகும் முன் நாமே பார்த்துவிடுவோம் என்று போன புதன்கிழமை கிளம்பினேன்.

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் காலை ஏழரைக்குக் குமாரபாளையம் வழியாகப் போகும் பவானி வண்டி. "ஊருக்குள்ள போகுமுங்களா?" என்று கேட்டுவிட்டு ஏறினேன். கோவை வண்டிகள் பல பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். ஏறத்தாழ ஐம்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். சங்ககிரியில் லாரிகளுக்கு நடுவே வண்டி நின்றபோதே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கவிதாவின் கம்பெனியில் தகரக் கூரைக்கடியில் வரிசையாகத் தையல் எந்திரங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு விளக்கு. குறித்த வேகத்தில் தைத்தால் பச்சை, பின்தங்கினால் சிவப்பு. வேகத்தை அளந்து குறித்தவள் கவிதாவேதான். பெருமையாகச் சுற்றிக்காட்டினாள். யாரும் யாரிடமும் பேசவில்லை. ஏனோ எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

திடீரென அமுதா என்ற பெண் அலறினாள். ஊசி விரலில் இறங்கியிருந்தது. பக்கத்து எந்திரத்தில் இருந்த பார்வதி திரும்பிப் பார்த்தாள், நிமிர்ந்து தன் விளக்கைப் பார்த்தாள், மறுபடி தைக்கத் தொடங்கினாள். கவிதா ஓடிப்போய் எந்திரத்தை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் திருப்பி ஊசியைத் தூக்கினாள். அதன்பிறகுதான் பார்வதி அழுதாள்.

"எனக்கு என்னாச்சுன்னே தெரியலீங்கக்கா, அவ கத்தியும் கை நிக்கவே மாட்டேன்னுருச்சு."

கவிதா அமுதாவைப் பார்வதியோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, போய் விளக்குகளின் சுவிட்சை அணைத்தாள். சற்று நேரத்தில் முதலாளி வந்தார்.

"ஏம்மா கவிதா, லைட்ட யாரு நிறுத்துனது?"

"நாந்தானுங்க. பக்கத்துல ஒருத்திக்கு அடிபட்டா எந்திரிச்சுப் போறதுக்கு நான் நேரமே ஒதுக்கலீங்க."

"அதெல்லாம் தெனமுமா நடக்குது? நாளைக்குப் போட்டுரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பும் வண்டியில் இடம் கிடைத்தும் பாதி வழி நின்றுகொண்டே வந்தேன். அளந்த முறையில் பிழையில்லை. அளக்காமல் விட்டதுதான் கண்ணுக்குள் நின்றது.

போக நினைப்பவர்களுக்கு: முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். காலையிலேயே போய்விடுங்கள், மதியம் கூரைச் சூடு தாங்காது. ஓடும் எந்திரத்தருகே யாரிடமும் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

மறுநாள் கவிதா போன் செய்தாள். அமுதாவின் விரலுக்கு ஆபத்தில்லையாம். விளக்குகள் மறுபடி எரிகின்றனவாம். ஆனால் ஒருத்திக்கு நூல் அறுந்தால்கூட இரண்டு பக்கத்திலும் இருப்பவர்கள் எழுந்து போய்க் கோத்துக் கொடுக்கிறார்களாம்.

"வரிசை முழுக்கச் செவப்பா எரியுதுடி. நானும் பாத்துட்டுச் சும்மாதான் நிக்கறேன்."