கவாத்துக்கு உலகநாதன்

உலகநாதனுக்கு ஊர் நிலக்கோட்டைப் பக்கம். ஆவடியில் டிஃபென்ஸ் தொழிற்சாலையில் கடைசல் வேலை. 1967-இல் மனைவி ராணியோடு எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தார். ஒரே ஷிஃப்டில் பல வருஷம் அவரோடு சைக்கிள் மிதித்திருக்கிறேன். மொத்தத்தையும் சேர்த்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பார். அதிலும் பாதி மல்லிச் செடியைப் பற்றி.

வந்த வருஷமே, கார்த்திகைக் கடைசியில், தன் வாசலில் இருந்த பழைய மல்லியைத் தரையிலிருந்து ஒரு முழம் விட்டு மொட்டையாக வெட்டிக் கவாத்து செய்தார். காய்ந்த குச்சி, உள்பக்கம் பின்னிக்கிடந்த கிளை எல்லாம் போயிற்று. மிச்சமிருந்த இலையையும் உருவினார். அங்கங்கே நாலு மொட்டு இருந்தது, அதையும் அவர் பார்க்கவில்லை. மனுஷனுக்குப் பைத்தியம் என்று குவார்ட்டர்ஸ் லைனே பேசியது. பங்குனியில் பூக்க ஆரம்பித்த அந்தச் செடி ஆனி வரைக்கும் ஓயவில்லை. நாங்களோ கூரையைத் தொட்டுவிட்ட கொடியில் பத்துப் பூ பறிக்க ஸ்டூல் போட்டு ஏறிக்கொண்டிருந்தோம்.

அடுத்த கார்த்திகையில் ஆளாளுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். அவர் சொல்லித்தரவும் தயார்தான். பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்து, கணுவுக்குக் கொஞ்சம் மேலே சாய்த்து வெட்டு, வெட்டியபின் எரு வை. எல்லாம் கேட்டுக்கொள்வோம், கத்தரியை மட்டும் தொடமாட்டோம். மொட்டு வைத்த செடியை வெட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று பேச்சு. அவர் வெட்டினால் அவர் பாடு, பூ எங்களுக்கு. நாங்கள் அவ்வளவு கெட்டிக்காரர்கள்.

1970 மார்கழியில் ராணிக்கு நாலு மாதக் கரு கலைந்தது. அதற்கு முன் ஒன்றும் அப்படித்தான் போயிருந்தது. குழாயடியில் அந்தப் பேச்சைத் தொடங்கியது என் மனைவி பஞ்சவர்ணம்தான். அயனம்பாக்கத்துக்காரி, எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

“மொட்டு வெச்ச செடிய வெட்டிகினே கீறாரு. அந்த ஊட்ல எப்டி தங்கும்?”

பின்னால் ராணி குடத்தோடு நின்றிருந்தார். அன்று மாலையே விஷயம் என் காதுக்கு வந்தது. பஞ்சவர்ணத்தை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

ராணி கேட்டுக்கொண்டதால் உலகநாதன் கவாத்தை விட்டார். இரண்டு கார்த்திகை அப்படியே கழிந்தன. லைன் முழுக்க மல்லி இலையாய் மண்டியது, பூ குறைந்தது. 1973 புரட்டாசியில் ராணிக்கு மூன்றாவதும் கலைந்தது.

கார்த்திகை பிறந்ததும் பஞ்சவர்ணம் ஒரு நியாயம் சொன்னாள். அவர் வெட்டாமல் இருந்தும் போய்விட்டதே, அப்படியானால் வெட்டுவதால் ஒன்றுமில்லை, போய்க் கூப்பிடுங்கள் என்றாள். எனக்கும் சரியாகத்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன்.

உலகநாதன் அப்போதுதான் தன் செடியை வெட்டி முடித்திருந்தார். ராணிதான் வெட்டச் சொன்னாராம். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் எழுந்து புறப்படப் பார்த்தார். உள்ளேயிருந்து ராணி வந்து அவர் கையிலிருந்த கத்தரியை வாங்கிக்கொண்டார்.

“ரெண்டு வருசம் இவரு ஒரு குச்சியத் தொடலண்ணே. அப்பவும் போயிருச்சு. வெட்டுனா ஒண்ணும் ஆகாதுன்னுதான இப்ப வந்திருக்கீங்க?”

ஆமாம் என்றேன்.

“அப்ப உங்க செடிய நீங்களே வெட்டுங்க.”

குரலை உயர்த்தவில்லை. கத்தரியை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து செடி முன்னால் நின்றேன். எப்படி வெட்டுவது என்று எனக்கு நன்றாகத் தெரியும், அத்தனை வருஷம் கேட்டவன். ஒரு கிளையை வளைத்துப் பிடித்தேன். நுனியில் மொட்டு இருந்தது. என் மூன்று பிள்ளைகளும் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பஞ்சவர்ணம் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்காவிட்டாலும் நான் வெட்டியிருக்க மாட்டேன்.