மண்டபம் கேம்ப்பில் வெந்த பூட்ஸ்

பிள்ளைகளா, முக்கியமாக மூத்தவளே, இதை முதலில் உனக்காகத்தான் எழுதுகிறேன். போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது நீ கேட்டாய்: "அய்யா, நான் பிறந்த நேரந்தானே உங்க பந்தாட்டத்தைக் கெடுத்துச்சு? அத்தை சொல்லுச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாக இதை மனசில் வைத்துக்கொண்டா என் முன்னால் நடமாடினாய்? அத்தை அப்படிப் பேசுவது எனக்குத் தெரியும். நான் மறுத்ததில்லை. மறுத்தால் என் முட்டாள்தனம் வெளியே வந்துவிடும்.

கொழும்பில் ஒரு கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வெறுங்காலோடு பந்து ஆடுவதைப் பார்த்து ஒரு கிளப்பில் சேர்த்தார்கள். முதல் டிவிஷன். பூட்ஸ் இல்லாமல் இறங்க விடமாட்டார்கள். என்னுடையது மணலில் வளர்ந்த பாதம், விரலெல்லாம் விரிந்து கிடக்கும். கடைப் பூட்ஸ் எதுவும் ஏறவில்லை. அளவு கொடுத்துத் தைத்தேன். அதைப் போட்டு இரண்டு மேட்ச் ஆடினேன். இரண்டாவதில் ஒரு கோல். "அடுத்ததுலயும் இப்படி ஆடு, உன் இடத்தை யாரும் அசைக்க முடியாது" என்றார் கேப்டன்.

அப்போதுதான் நீ பிறந்த தந்தி வந்தது. உன் ஞானஸ்நானத்துக்குப் பாம்பன் வந்தேன். ஊரில் காட்டுவதற்காகப் பூட்ஸையும் கொண்டுவந்தேன்.

திரும்பிப் போக, இலங்கைக்குக் கப்பல் ஏறுகிறவர்களை நிறுத்திச் சோதிக்கிற மண்டபம் கேம்ப்பில் தங்கியாக வேண்டும். நோய் பரவக்கூடாதென்று எல்லார் துணிமணியையும் வாங்கி நீராவியில் வைத்துத் தருவார்கள். "தோல் சாமான் தனியாக் குடுங்க!" என்று கேம்ப் சிப்பந்தி ஒருவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். தனியாகக் கொடுத்தால் களவு போய்விடும் என்று பயந்து, பூட்ஸை வேட்டிக்குள் சுருட்டி வைத்திருந்தேன்.

பின்னால் நின்றவன் இடித்தான். "ஏலே, மூட்டைல என்ன முட்டுது?"

"தேங்கா."

"நல்லதாப் போச்சு, அவிச்சே குடுத்துருவாக."

நானும் சிரித்தேன்.

சூடு ஆறாத மூட்டையை அப்படியே தூக்கிக்கொண்டு தனுஷ்கோடியில் கப்பல் ஏறினேன். மறுகரையில் ரயில். கொழும்பு போய்ச் சேர்ந்த அன்றைக்கே மேட்ச். நேரே மைதானத்துக்குப் போய் மூட்டையைப் பிரித்தேன். பூட்ஸ் காய்ந்த கருவாடு மாதிரி முறுக்கிக்கொண்டு, மூக்கு மேலே வளைந்து, பாதியாகக் கிடந்தது. என் பூட்ஸ்தானா என்று நாடாவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கால்விரல்கூட நுழையவில்லை.

"மகளுக்குத் தைச்சியாடா?" என்றான் ஒருத்தன். எல்லாரும் சிரித்தார்கள். கேப்டன் சிரிக்கவில்லை.

"வெறுங்காலோட இறங்குறேன் அண்ணே."

"ரெஃப்ரி விடமாட்டார். வெளிய உக்காரு."

என் இடத்தில் இறங்கியவன் இரண்டு கோல் போட்டான். நான் வேறு பூட்ஸ் தைத்து வருவதற்குள் அந்த இடம் அவனுடையதாகிவிட்டது. சில மாதம் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கூப்பிடவே இல்லை. ஊருக்கு வந்துவிட்டேன். என் பந்தாட்டம் அவ்வளவுதான்.

தாயி, இதில் உன் நேரம் எங்கே வந்தது? கேம்ப்பில் அந்த ஆள் கத்திச் சொன்னபடி தனியாகக் கொடுத்திருந்தால் பூட்ஸ் பூட்ஸாகவே இருந்திருக்கும். நான் வாயைத் திறக்காததால் பழி உன் தலையில் விழுந்தது.

இன்று நீங்கள் பள்ளிக்கூடம் போனபிறகு, அம்மாவும் வீட்டில் இல்லாத நேரம், டிரங்குப் பெட்டியின் அடியில் ஒளித்துவைத்திருந்த அந்தப் பூட்ஸை எடுத்தேன். எண்ணெய் தடவித் துடைத்து, வாசலில் அத்தை செருப்பைக் கழற்றுகிற இடத்தில் வைத்தேன்.