சொல்லாமல் விட்ட பெட்ரோல்

எங்கள் பட்டறையில் வேலை முடிந்த காரைச் சொந்தக்காரரிடம் சும்மா கொடுத்துவிட முடியாது. ஒரு தாள் இருக்கிறது. சக்கர நட்டு இறுக்கியாயிற்றா, ஆயில் ஒழுகுகிறதா, பேட்டரி முனை சரியா என்று பதின்மூன்று வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் அடித்து, கீழே கையெழுத்துப் போட்டால்தான் சாவியைத் தொடலாம். மெல்பர்னின் தென்கிழக்கு ஓரத்தில், டாண்டினாங் என்ற பகுதியில் இருக்கிறது இந்தப் பட்டறை. வேகக் கார்களை இன்னும் வேகமாக்குவதுதான் எங்கள் பிழைப்பு. அந்தத் தாளில் பதின்மூன்று வரிகள் அச்சடித்தவை. பதினான்காவது மட்டும் பேனாவால் தடித்த எழுத்தில் எழுதி நகல் எடுத்தது: 'பெட்ரோல் அளவு. வாடிக்கையாளரிடம் சொல்லப்பட்டதா?' அது எனக்காகவே சேர்த்த வரி. தினமும் அதில் டிக் அடிக்கும்போது உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு டிக் அடிப்பதற்கு இவ்வளவு ஆத்திரமா என்று ஊரில் இருப்பவர்கள் சிரிக்கலாம். என்னைப்போல வேலை விசாவில் வந்து நட்டு முடுக்கிக்கொண்டிருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

இங்கே வருவதற்கு முன்னால், 2004இலிருந்து ஐந்து வருடம், சிதம்பரம் வடக்கு வீதியில் நானும் என் மனைவியின் அண்ணன் பழனிவேலும் கூட்டாக டூவீலர் பட்டறை நடத்தினோம். வீடு கடலூர் முதுநகரில். காலையில் பஸ் பிடித்துப் போனால், கருக்கலில் கிரீஸ் வாசனையோடு திரும்புவேன். எங்கள் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வேலைக்கு வரும் வண்டியின் டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை பாட்டிலில் இறக்கிக்கொள்வோம். கார்புரேட்டர் கழுவ, செயின் கழுவ, கை கழுவக்கூட அதுதான். வேலை முடிந்து வெளியே போகும் வண்டியில், பக்கத்துப் பங்க்குவரை போவதற்கு மட்டும் விட்டுவைப்போம். பட்டறையிலிருந்து எடுத்த வண்டியை நேராகப் பங்க்குக்குத்தான் விட வேண்டும் என்பது காலேஜ் பையனிலிருந்து கோயில் தீட்சிதர்வரை எல்லாருக்கும் தெரியும். 'எவ்வளவு இருக்கிறது' என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் மெக்கானிக்கைத் திருடன் என்று சொன்ன மாதிரி. நாங்களும் சொல்ல மாட்டோம். சொன்னால் எடுத்ததை ஒப்புக்கொண்ட மாதிரி. இதைத் திருட்டு என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த ஐந்து வருடத்தில் ஒரு வண்டியும் நடுவழியில் நின்றதாக எங்களிடம் புகார் வந்ததில்லை.

2009இல் இங்கே வந்தேன். என் விசா என்னுடையது இல்லை, முதலாளியுடையது. அவர் பெயர் டேரன். அவர் 'வேண்டாம்' என்றால் இருபத்தெட்டு நாளுக்குள் வேறு முதலாளியைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். மனைவியும் மகளும் முதுநகரில் விசா காகிதத்துக்காகக் காத்திருந்தார்கள். போதாததற்கு, 2011 கடைசியில் 'தானே' என்ற புயல் வந்து எங்கள் பட்டறையின் தகரக் கூரையை முழுசாகப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. திரும்பிப் போனால் உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. அந்தப் புயல் அடித்து இரண்டு மாதம் ஆகியிருக்கும், ஷேன் என்பவன் தன் காரைக் கொண்டுவந்து விட்டான்.

ஷேன் தரைக்கு டைல்ஸ் பதிப்பவன். அவனுடைய எட்டு சிலிண்டர் காருக்குச் சூப்பர்சார்ஜர் வாங்கிப் பொருத்தியிருந்தான். அது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி. காற்று கூடினால் அதற்கேற்பப் பெட்ரோலும் கூட வேண்டும். காற்று மட்டும் வந்து பெட்ரோல் குறைந்தால் உள்ளே சூடு ஏறி, கண் மூடித் திறப்பதற்குள் பிஸ்டன் உருகிவிடும். அதனால்தான் பெட்ரோல் போகும் பாதை முழுவதையும் மாற்றச் சொல்லி எங்களிடம் வந்தான். டேங்குக்குள் பெரிய பம்ப் இரண்டு, தடித்த குழாய்கள், எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் எட்டு புதிய இன்ஜெக்டர்கள். வேலையைத் தொடங்கும்போதே டேரனிடம் சொன்னேன், ஒரு சர்ஜ் டேங்க் வேண்டும் என்று. அது பெரிய டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கும் சின்னக் குடுவை. எப்போதும் நிரம்பியிருக்கும். வளைவில் வண்டி சாயும்போது பெரிய டேங்கில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கினாலும், இது கைகொடுக்கும். டேரன் சிரித்தார். "மேட், இது ரோட்டில் ஓடுகிற கார். ரேஸ் கார் இல்லை" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். தட்டிக்கொடுப்பதுபோல் வாயை அடைப்பதில் இந்த ஊர்க்காரர்களை அடிக்க ஆள் இல்லை.

இனிமேல் சொல்லப்போவது என் தவறு. அதை மறைக்கப் போவதில்லை. டேங்கைக் கழற்ற வேண்டியிருந்ததால், உள்ளே இருந்த பெட்ரோலைக் கேனில் இறக்கினேன். பழைய குழாய் முனைகளை, கருப்பேறிய போல்ட்டுகளை அதிலேயே போட்டுக் கழுவினேன். யாரும் கழுவச் சொல்லவில்லை. கை தானாகச் செய்தது. கழுவிய பெட்ரோலைத் திரும்ப ஊற்ற முடியாது. உருளைமேல் வண்டியை நிறுத்தி ஓட்டிப் பார்க்கும் சோதனைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் புதிதாக ஊற்றினேன். சோதனை பிரமாதமாக வந்தது. நின்ற இடத்தில் ஓடும் வண்டிக்கு வளைவு ஏது? ஷேன் வந்து "எல்லாம் சரிதானே?" என்று கேட்டான். "ஆல் குட்" என்று சாவியைக் கொடுத்தேன். டேங்கின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. பட்டறையிலிருந்து போகிறவன் பங்க்குக்குப் போவான். அவ்வளவுதானே?

அவன் போகவில்லை. நேராக மலைப்பாதைக்குப் போனான், தம்பியை ஏற்றிக்கொண்டு. ஒரு நீண்ட வளைவில் முழுசாக அழுத்தியிருக்கிறான். பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்க, பம்ப் வெறும் காற்றை உறிஞ்ச, இரண்டு பிஸ்டன் போய்விட்டது. பெட்ரோல் குறைவு என்று விளக்கு எரிந்ததாம். டேங்கைக் கழற்றிய வண்டி, மீட்டர் தப்பாகக் காட்டுகிறது என்று இவனே முடிவுகட்டிக்கொண்டானாம். விளக்கு எதற்கு வைத்திருக்கிறார்கள், சாமி கும்பிடவா?

திங்கட்கிழமை வண்டியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். டேரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். டேங்கில் எவ்வளவு விட்டாய் என்றார், சொன்னேன். ஏன் அவனிடம் சொல்லவில்லை என்றார்.

"பட்டறையிலிருந்து எடுத்தால் எல்லாரும் முதலில் பெட்ரோல் போடுவார்கள்" என்றேன்.

"எல்லாரும் என்றால் யார்?"

சிதம்பரத்து ஜனம் முழுவதும் என்று எப்படிச் சொல்வது?  நான் எதையோ ஒளிக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். மறுநாள் ஒரு காகிதத்தை நீட்டினார். பெட்ரோல் குறைவாக விட்டதும், அதைச் சொல்லாததும்தான் எஞ்சின் போனதற்குக் காரணம், இரண்டும் என் பொறுப்பு என்று எழுதியிருந்தது. சர்ஜ் டேங்க் என்ற பேச்சே இல்லை. "கையெழுத்துப் போட்டால் இங்கேயே முடிந்துவிடும். போடாவிட்டால் உன் விசாவைப் பற்றி நான் யோசிக்க வேண்டியிருக்கும்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழனிவேலுக்குப் போன் போட்டேன். முழுக் கதையும் கேட்டுவிட்டு அவன் முதலில் கேட்டது இதுதான்: "அந்தாளு பங்க்குக்குப் போவாம மலைக்கு ஏன் போனான்? கிறுக்கனா அவன்?" ஆயிரக்கணக்கான மைல் தள்ளி ஒருவனுக்காவது புரிந்ததே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த மூச்சிலேயே அவன் கெடுத்தான். "கையெழுத்துதான கேக்குறாரு, போட்டுட்டு வேலையப் பாரு மச்சான். மானம் ரோசம்லாம் பாத்தா ஆவுமா? இங்க வந்து என்னா பண்ணப் போற? கூர கூட இல்ல. தங்கச்சியும் பாப்பாவும் எப்பக் கூப்புடுவாங்கன்னு ஒக்காந்துகிட்டு கெடக்குறாங்க."

அவன் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. அதனாலேயே போனைத் தூக்கி எறியலாம்போல் இருந்தது. என் குற்றத்தை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கம் இல்லை. அடுத்தவன் குற்றத்தையும் சேர்த்துச் சுமக்கத்தான் நான் கடல் தாண்டி வந்தேனா? அந்தக் காகிதத்தின் கீழே இருந்த வெற்றிடத்தில், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதினேன்: 'சர்ஜ் டேங்க் வேண்டும் என்று கேட்டேன், டேரன் வேண்டாம் என்றார்.' அதற்கும் கீழே கையெழுத்துப் போட்டு அவர் மேசையில் வைத்தேன். இரண்டு முறை படித்தார். மடித்து டிராயரில் போட்டார். 

இரண்டு நாள் போயிற்று. இருபத்தெட்டு நாளை விரல்விட்டு எண்ணிக்கொண்டே நட்டு முடுக்கினேன். மூன்றாம் நாள் என் வேலை மேசைமேல், பிரிக்காத அட்டைப்பெட்டியில் ஒரு புத்தம் புதிய சர்ஜ் டேங்க் இருந்தது. பக்கத்தில் ஷேனின் கார் சாவி. மன்னிப்பு இல்லை, விளக்கம் இல்லை, 'நீ சொன்னது சரி' என்ற ஒரு சொல் இல்லை. அதே வாரம்தான் தாளில் பதினான்காவது வரி முளைத்தது. என் தவறுக்கு ஒரு வரி. அவருடைய தவறுக்கு எந்த வரியும் இல்லை. "பெர்சனலாக எடுத்துக்காதே" என்றார் டேரன். பிறகு எப்படி எடுத்துக்கொள்வதாம்? வேலை தங்கியது, விசா தங்கியது, மனைவி மகளின் காகிதமும் நகர ஆரம்பித்தது. ஆத்திரமும் தங்கிவிட்டது.

அந்த வருடம் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். பழனிவேல் புவனகிரி ரோட்டில் புதிதாகக் கூரை போட்டுப் பட்டறையைத் திறந்திருந்தான். முதுநகர் வீட்டில் தூசி ஏறிக் கிடந்த என் பழைய பைக்கை, நான் வருகிறேன் என்று கேட்டதும் அவனே எடுத்துப் போய்ச் சர்வீஸ் செய்து வைத்திருந்தான். போய்ச் சேர்ந்ததும் டீ வாங்கிக் கொடுத்தான். புது ஏர் கம்ப்ரசரைக் காட்டினான். சாவியை என் கையில் வைத்தான். சத்தியமாக நான் யோசித்துக் கேட்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"டேங்க்ல எவ்ளோ இருக்கு மச்சான்?"

பட்டறையில் காத்திருந்த இரண்டு பேர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பழனிவேல் கையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டான்.

"என்னா கேட்ட?"

"இல்ல மச்சான், அங்க கேட்டுக் கேட்டுப் பழக்கமாயிடுச்சி..."

"என் கடையில வந்து, நாலு பேரு முன்னால, நான் உன் வண்டிலேருந்து எறக்கிட்டனான்னு கேக்குறியா?"

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கி டேங்க் மூடியைத் திறந்தான். "வந்து பாரு. வெளிநாட்டுலேருந்து வந்துருக்க, வழியில நிக்கக் கூடாதுன்னு நானே பங்க்குக்கு ஓட்டிகிட்டுப் போயி வாய் வரைக்கும் ரொப்பிகிட்டு வந்து வச்சிருக்கேன். நல்லாப் பாத்துக்க."

எட்டிப் பார்த்தேன். மூடியின் விளிம்புவரை பெட்ரோல் தளும்பிக்கொண்டிருந்தது. ஐந்து வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். உறவுக்காரன், சிநேகிதன், போலீஸ்காரன், யாருடைய வண்டியையும் அவன் அப்படி நிரப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. எனக்கு மட்டும் நிரப்பியிருந்தான், விருந்தாளிக்கு இலை போடுவதைப் போல. டேரன் காகிதத்தை நீட்டியபோதுகூட வராத கோபம் அப்போது வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. பங்க்குவரை போக இருந்தால் எனக்குப் போதாதா மச்சான் என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.